ஆகாயத்தில் ஒரு மனை

நகரின் நடுவே பத்து மாடிக் கட்டடம் ஒன்று இருக்கிறது. அதன் ஒன்பதாம் மாடியில் ஒருவர் வீடு வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். பத்திரப் பதிவும் முடிந்துவிட்டது. அவர் உண்மையில் எதை வாங்கினார்? நிலத்தை என்றால், அவர் வீட்டுக்கு அடியில் இருப்பது நிலமன்று, கீழ்வீட்டுக்காரரின் கூரை. கூரையை என்றால், அது மேல்வீட்டுக்காரரின் தரை. சுவர்களிலும் பாதி அண்டை வீட்டாருக்கு உரியவை. எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தால் மிஞ்சுவது, தரையிலிருந்து சுமார் 27 மீட்டர் உயரத்தில் உள்ள சில நூறு கன மீட்டர் காற்றுதான். இதற்காகவா மனிதர் தம் வாழ்நாள் சேமிப்பைக் கொடுக்கிறார்?

ஆம், இதற்காகத்தான். ஆனால் இந்தக் காற்றுப் பெட்டியை விலைபெறும் வீடாக மாற்ற நான்கு கண்டுபிடிப்புகள் தேவைப்பட்டன. அவற்றுள் மூன்று இயற்பியலைச் சார்ந்தவை. நான்காவது சட்டத்தைச் சார்ந்தது. இந்த நான்கின் வரலாற்றையும், இயற்பியலும் சட்டமும் எங்கே ஒத்துப்போவதில்லை என்பதையும் இக்கட்டுரையில் காண்போம். அடுக்குமாடியில் வீடு வைத்திருப்போரும் இனி வாங்க எண்ணுவோரும் அந்த இடத்தை அவசியம் அறிந்திருக்க வேண்டும்.

மேலே ஏழை, கீழே செல்வர்

அடுக்குமாடி வீடு நேற்றுத் தோன்றியதன்று. பழைய ரோமாபுரியில் ‘இன்சுலா’ எனப்பட்ட பல மாடி வாடகை வீடுகள் ஏராளமாக இருந்தன. கீழே கடைகள், மேலே குடும்பங்கள். இவை அடிக்கடி இடிந்து விழுந்தன; தீப்பற்றியும் எரிந்தன. ஆகவே, கட்டடங்கள் 70 ரோமானிய அடிக்கு, அதாவது ஏறத்தாழ 20 மீட்டருக்கு, மேற்படலாகாது என்று அகஸ்டஸ் பேரரசர் விதித்தார். பின்வந்த டிராஜன் அதை 60 அடியாகக் குறைத்தார்.

அந்த வீடுகளில் கீழ்த்தளங்களில் வசதி படைத்தவர் வாழ்ந்தனர். கூரை ஓட்டுக்கு அடியில் ஏழைகள் வாழ்ந்தனர். பல நூற்றாண்டுகளுக்குப் பின் பாரிஸ் நகரிலும் இதே வழக்கம் இருந்தது. கடைக்கு மேலுள்ள மாடியில் செல்வர் குடியிருந்தார். மேலே செல்லச் செல்ல வாடகை குறைந்தது. உச்சியில் இருந்த சிற்றறைகள் வேலைக்காரர்களுக்கும் வறியவர்களுக்கும் உரியவையாயின. இன்று உச்சி மாடிக்கே விலை அதிகம். இந்தத் தலைகீழ் மாற்றம் எப்படி ஏற்பட்டது?

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 60 கிலோகிராம் நிறையுள்ள ஒருவர் 30 மீட்டர் உயரம் ஏறினால் அவர் பெறும் நிலை ஆற்றல் 60 × 9.8 × 30 = 17,640 ஜூல். நம் தசைகள் உணவின் ஆற்றலில் கால் பங்கையே வேலையாக மாற்றுகின்றன என்று கொண்டாலும், இதற்குச் செலவாவது ஏறத்தாழ 17 கிலோ கலோரி. அதாவது ஒரு கவளம் சோறு! இதற்கா மனிதர் அஞ்சினர்?

அஞ்சியது அந்த ஒரு நடைக்கன்று. தண்ணீர், விறகு, காய்கறி, கைக்குழந்தை, நோயாளி என அனைத்தும் படியேற வேண்டும். நம் நாட்டில் நகரக் குடிநீர்த் திட்டங்களில் கணக்கிடப்படும் ஆளுக்கு 135 லிட்டர் என்ற அளவை எடுத்துக்கொண்டால், நால்வர் கொண்ட குடும்பத்துக்கு நாளொன்றுக்கு 540 லிட்டர் வேண்டும். 15 லிட்டர் குடத்தில் சுமந்தால் அது 36 நடை. ஒவ்வொரு நடையிலும் தண்ணீரோடு சுமப்பவரின் உடலும் மேலே ஏறுகிறது என்பதை மறக்கலாகாது. மாடியின் விலையை அந்நாளில் படிக்கட்டே நிர்ணயித்தது.

கயிறு அறுந்தால்?

கப்பியும் கயிறும் கொண்டு பாரம் தூக்கும் முறை பண்டைக் காலம் தொட்டே அறிந்த ஒன்று. 19-ஆம் நூற்றாண்டின் தொழிற்சாலைகளில் நீராவியால் இயங்கிய பாரத் தூக்கிகளும் இருந்தன. ஆனால் அவற்றில் மனிதர் ஏறத் தயங்கினர். 15 மீட்டர் உயரத்தில் கயிறு அறுந்தால், தரையைத் தொடும்போது வேகம் வினாடிக்கு 17 மீட்டர், அதாவது மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல். தயக்கம் நியாயமானதே.

இந்த அச்சத்தைப் போக்கியவர் எலிஷா ஓட்டிஸ் என்ற அமெரிக்கர். நியூயார்க்கை அடுத்த யாங்கர்ஸில் ஒரு கட்டில் தொழிற்சாலையில் இயந்திரப் பணி புரிந்துகொண்டிருந்த அவர், 1852-இல் ஓர் எளிய அமைப்பைச் செய்தார். தூக்கியின் மேற்பகுதியில், வண்டிகளில் பயன்படும் எஃகு வில் ஒன்று. அதன் நடுவில் கயிறு கட்டப்பட்டிருக்கும். பாரத்தைத் தாங்கும் கயிற்றின் இழுவிசை வில்லை வளைத்து வைத்திருக்கும். கயிறு அறுந்தால் இழுவிசை மறையும், வில் நிமிரும், அதன் முனைகள் இருபுறமும் உள்ள தண்டவாளங்களின் பற்களில் சென்று மாட்டிக்கொள்ளும். தூக்கி அந்த இடத்திலேயே நின்றுவிடும்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். ஆபத்து நேரும்போது யாரும் எதையும் இயக்க வேண்டியதில்லை. ஆபத்து எதுவோ, அதுவே பாதுகாப்பை இயக்குகிறது. 1854-இல் நியூயார்க் கண்காட்சி ஒன்றில் ஓட்டிஸ் தாமே தூக்கியின் மீது ஏறி நின்று, கூட்டத்தின் முன்னிலையில் கயிற்றை வெட்டச் செய்தார். தூக்கி சற்றே இறங்கி நின்றது. 1857-இல் நியூயார்க்கின் பிராட்வே தெருவில் ஐந்து மாடிப் பீங்கான் கடை ஒன்றில் அவரது நிறுவனத்தின் முதல் பயணிகள் லிப்ட் நீராவியால் ஓடத் தொடங்கியது. 1880-இல் ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் வெர்னர் ஃபான் சீமன்ஸ் மின்சாரத்தால் இயங்கும் லிப்ட்டைக் காட்டினார்.

படிக்கட்டின் ஆட்சி இத்துடன் முடிந்தது. மேல் மாடிக்கு இயல்பாகவே உள்ள நற்பேறுகளான வெளிச்சமும் காற்றும் அமைதியும் அப்போதுதான் விலை பெறத் தொடங்கின.

சுவர் சுமந்த காலம்

லிப்ட் மனிதரை மேலேற்றியது. ஆனால் கட்டடம் மேலே ஏற வேண்டுமே! செங்கல் கட்டடத்தில் மாடிகளின் எடை முழுவதையும் சுவர்களே தாங்குகின்றன. மாடி கூடக் கூட அடிச்சுவர் தடிக்க வேண்டும். சிகாகோ நகரில் 1891-இல் முடிந்த மொனாட்நாக் கட்டடத்தின் வடபாதி 16 மாடி உயரமானது. அதன் அடிச்சுவரின் தடிப்பு ஏறத்தாழ 1.8 மீட்டர். விலை மிகுந்த தரைத் தளத்தில் கடை வைக்க வேண்டிய இடத்தைச் சுவரே விழுங்கிவிட்டது.

இதற்குத் தீர்வும் அதே சிகாகோவில்தான் உருவாகியது. 1871-இல் பெருந்தீயில் அந்நகரின் நடுப்பகுதி எரிந்து போனபின், அங்கே புதுமுறைக் கட்டடங்கள் எழுந்தன. 1885-இல் வில்லியம் லெ பாரன் ஜென்னி கட்டிய பத்து மாடி ஹோம் இன்சூரன்ஸ் கட்டடத்தில், எடையின் பெரும்பகுதியை இரும்பும் எஃகும் கொண்ட தூண்களும் உத்திரங்களும் ஏற்றன. நம் உடலில் எலும்புக்கூடு சுமக்கிறது, தோல் மூடுகிறது அல்லவா? அதுபோலச் சட்டகம் சுமந்தது, சுவர் மூடியது. 1903-இல் சின்சினாட்டி நகரில் 16 மாடி இங்கால்ஸ் கட்டடம் கம்பி பொதிந்த கான்கிரீட்டால் எழுந்தது. கான்கிரீட் அமுக்கத்தை நன்கு தாங்கும்; இழுவிசையைத் தாங்காது. அந்தக் குறையை உள்ளே வைத்த எஃகுக் கம்பி நிரப்புகிறது. நம் ஊர் அடுக்குமாடிகள் பெரும்பாலும் இந்த முறையைப் பின்பற்றியவையே.

தண்ணீர் ஏறும் உயரம்

மூன்றாவது தேவை தண்ணீர். ஏறத்தாழ 10 மீட்டர் உயரத் தண்ணீர்த் தூண் ஒரு வளிமண்டல அழுத்தத்துக்குச் சமம். நகராட்சிக் குழாயில் இரண்டு வளிமண்டல அளவு அழுத்தம் மிகுதியாக இருந்தால் தண்ணீர் 20 மீட்டர் உயரம் ஏறும். அதற்கு மேல் ஏறாது. ஆகவேதான் நியூயார்க்கில் ஆறு மாடிக்கு மேற்பட்ட கட்டடங்களின் உச்சியில் மரத் தொட்டிகளை வைத்து, எக்கியால் நிரப்பினர். அந்நகரின் கூரைகளில் அத்தொட்டிகளை இன்றும் காணலாம்.

முன்பு கண்ட 36 குடத்தை இங்கே நினைவுகூர்வோம். 540 லிட்டர் தண்ணீரை 30 மீட்டர் உயர்த்தத் தேவையான ஆற்றல் 1,58,760 ஜூல். மின்சாரக் கணக்கில் அது ஒரு யூனிட்டில் இருபதில் ஒரு பங்கைக்கூட எட்டாது. எக்கியில் பாதி வீணானாலும் பத்தில் ஒரு பங்குக்குள் அடங்கும். மனிதத் தோளுக்கு ஒரு நாள் உழைப்பாக இருந்தது, மின்சாரத்துக்குச் சில காசுச் செலவு ஆயிற்று.

மனை பெருகிய கதை

லிப்ட், சட்டகம், எக்கி ஆகிய மூன்றும் சேர்ந்தவுடன் நடுநகர் நிலத்தின் மதிப்பே மாறிவிட்டது. அலுவலகமும் கடைவீதியும் அருகில் இருப்பதால் நடுநகரில் இருக்க எல்லோரும் விரும்புவர். ஆனால் அங்கே நிலத்தை விரிக்க முடியாது. மேலே அடுக்க மட்டுமே முடியும்.

பிராட்வே 120-ஆம் எண் மனையை உதாரணமாகக் கொள்வோம். 1870-இல் ஈக்விடபிள் ஆயுள் காப்பீட்டு நிறுவனம் அங்கே கட்டிய கட்டடம், பயணிகள் லிப்ட் பொருத்தப்பட்ட முதல் அலுவலகக் கட்டடமாகக் கருதப்படுகிறது. 1912-இல் அது தீக்கிரையாயிற்று. 1915-இல் அதே இடத்தில் 38 மாடிக் கட்டடம் எழுந்தது. ஏறத்தாழ ஓர் ஏக்கர் மனையின் மீது 12 லட்சம் சதுர அடித் தளப்பரப்பு! மனையின் பரப்பைப் போல 25 மடங்குக்கு மேல். சுற்றியிருந்த தெருக்கள் அதன் நிழலில் மூழ்கின. ‘என் மனையில் நான் கட்டுகிறேன்’ என்று சொல்லலாம். ஆனால் நிழல் விழுவது அடுத்தவர் மனையில் அல்லவா? இதுபோன்ற முறையீடுகளின் விளைவாக, மேலே செல்லச் செல்லக் கட்டடம் உள்வாங்கி எழ வேண்டும் என்ற விதியை நியூயார்க் 1916-இல் கொணர்ந்தது.

நிலம் இல்லாத இடத்திலும் மனை தோன்றியது. நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் நீராவி எஞ்சின்களின் புகையால், பாதைகளைத் திறந்தவெளியாகவே விட வேண்டியிருந்தது. ரயில்களை மின்மயமாக்கினால் புகை இராது. பாதைகளை மூடி, அவற்றின் மேலுள்ள வெளியில் கட்டடம் கட்டும் உரிமையை விற்கலாம் என்று வில்லியம் வில்கஸ் என்ற பொறியாளர் யோசனை கூறினார். 1913-இல் புதிய நிலையம் திறக்கப்பட்டது. மூடப்பட்ட பாதைகளின்மீது பார்க் அவென்யூவின் உயர்ந்த அடுக்குமாடிகள் எழுந்தன. ஆகாயம் மனையாகிவிட்டது.

இந்தப் பெருக்கத்துக்கு எல்லை உண்டா? 1930-இல் கிளார்க், கிங்ஸ்டன் என்ற இருவர், கிராண்ட் சென்ட்ரல் அருகே விலையுயர்ந்த ஒரு மனையைக் கற்பித்துக் கணக்கிட்டனர். 63 மாடியில் வருவாய் விகிதம் உச்சத்தை எட்டி, அதற்கு மேல் இறங்கியது. மாடிகள் கூடினால் லிப்ட்டுகளும் கூட வேண்டும். அவற்றின் கிணறுகள் ஒவ்வொரு தளத்திலும் இடத்தை விழுங்கும். ஒருகாலத்தில் தடித்த சுவர் செய்ததை இப்போது லிப்ட் செய்தது!

மாடிக்குப் பத்திரம்

அலுவலகத்துக்கு வாடகை போதும். குடியிருப்பவருக்கோ சொந்தம் என்ற சொல் வேண்டும். நிலத்துக்கு உரியவன் வானம் வரையிலும் பாதாளம் வரையிலும் உரியவன் என்பது பழைய சட்ட வழக்கு. அப்படியானால் ஒரே நிலத்தின் மேல் பத்துப் பேர் பத்து உயரங்களில் எப்படி உரிமையாளர் ஆக முடியும்?

இதற்கு விடை கண்ட ஊர்களுள் ஒன்று பிரான்ஸின் ரென் நகரம். 1720-இல் நேர்ந்த பெருந்தீக்குப் பின், வீடிழந்த பலர் ஒன்றுகூடிக் கட்டடம் எழுப்பி ஆளுக்கொரு மாடியாகப் பகிர்ந்துகொண்டனர். 1804-இல் நெப்போலியன் வெளியிட்ட சட்டத் தொகுப்பிலும் 664-ஆம் பிரிவு இதைப் பற்றியதே. அதன்படி பெரிய சுவர்களும் கூரையும் எல்லோர் செலவு. அவரவர் நடக்கும் தரை அவரவர் செலவு. முதல் மாடிக்காரர் அங்குவரை படி கட்ட வேண்டும், இரண்டாம் மாடிக்காரர் அங்கிருந்து தம் வீடுவரை கட்ட வேண்டும், மேலேயும் அவ்வாறே. ‘தரைத் தளத்தில் இருக்கும் நான் எதற்கு லிப்ட்டுக்குப் பணம் தர வேண்டும்?’ என்று இன்று சங்கக் கூட்டங்களில் எழும் கேள்விக்கு வயது 200-க்கும் மேல் என்பது தெரிகிறதல்லவா?

அமெரிக்காவில் வேறு வழியை நாடினர். கட்டடம் முழுவதும் ஒரு நிறுவனத்துக்குச் சொந்தம். குடியிருப்பவர் அதில் பங்குதாரர். 1880-களில் நியூயார்க்கில் இத்தகைய கூட்டுறவு அடுக்குமாடிகள் எழுந்தன. இதில் ஓர் இடர் இருந்தது. கட்டடம் முழுவதற்கும் ஒரே கடன் இருந்தமையால், சிலர் தவணை கட்டத் தவறினால் சுமை மற்றவர் தலையில் விழுந்தது. 1930-களின் பொருளாதார மந்தத்தில் இப்படிப் பல கூட்டுறவுகள் கவிழ்ந்தன.

இன்று உலகெங்கும் பரவியுள்ள முறை இவ்விரண்டுக்கும் பின் வந்தது. வீடு தனி உடைமை. நிலம், தூண், கூரை, படி, லிப்ட், தொட்டி ஆகியவை எல்லோருக்கும் பொது. அவற்றில் ஒவ்வொருவருக்கும் பிரிக்கப்படாத பங்கு. அமெரிக்கர் இதைக் ‘கண்டோமினியம்’ என்கின்றனர். லத்தீனில் இதன் பொருள் ‘கூட்டு உடைமை’. 1958-இல் போர்ட்டோ ரிக்கோவில் இதற்கெனச் சட்டம் வந்தது. 1961-இல் அமெரிக்க நடுவண் அரசு இத்தகைய வீட்டுக் கடன்களுக்குக் காப்பீடு அளிக்க முன்வந்தது. அதன்பின் இம்முறை விரைந்து பரவியது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் 1961-இலும், சிங்கப்பூரில் 1967-இலும், மகாராஷ்டிரத்தில் 1970-இலும் தத்தம் சட்டங்கள் வந்தன. தமிழ்நாட்டில் 1994-இல் அடுக்கக உரிமைச் சட்டம் இயற்றப்பட்டது; அதற்குப் பதிலாக 2022-இல் புதிய சட்டம் இயற்றப்பட்டது. நம் பத்திரங்களில் ‘யு.டி.எஸ்.’ என்று பேசப்படுவது அந்தப் பிரிக்கப்படாத பங்கே.

எடை பாகம் பிரிவதில்லை

இப்போது தொடக்கத்தில் குறிப்பிட்ட இடத்துக்கு வந்துவிட்டோம். சட்டம் கட்டடத்தைப் பத்து உடைமைகளாகப் பிரித்தது. ஆனால் புவியீர்ப்பு அந்தப் பத்திரத்தைப் படிப்பதில்லை. ஒன்பதாம் மாடியின் எடை எட்டாம் மாடித் தூண் வழியே, ஏழாம் மாடித் தூண் வழியே, கீழே வண்டி நிறுத்துமிடத்தில் உள்ள தூண் வழியேதான் மண்ணை அடைகிறது. அந்தக் கீழ்த்தூணை யாரும் ‘என் வீடு’ என்று நினைப்பதில்லை. எல்லோர் வீடும் நிற்பது அதன்மேல்தான்.

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், சர்ஃப்சைடு என்ற கடற்கரை ஊரில், 1981-இல் கட்டப்பட்ட 12 மாடிக் கட்டடம் ஒன்று இருந்தது. சாம்ப்ளைன் டவர்ஸ் சவுத் என்பது அதன் பெயர், வீடுகள் 136. தரைமட்டத்தில் நீச்சல் குளத்தைச் சுற்றியுள்ள தளத்தில் தண்ணீர் வடியச் சரிவு இல்லை என்றும், அதனால் கீழுள்ள கான்கிரீட் பெரிதும் பழுதுற்றது என்றும் 2018-இல் ஒரு பொறியாளர் எழுதிக் கொடுத்தார். செலவு பெரிது. உரிமையாளர்களிடையே வாதங்கள் நீண்டன. 2021-இல் மொத்தச் செலவு 1.5 கோடி டாலர் என மதிப்பிடப்பட்டது. சராசரியாக வீடொன்றுக்கு ஒரு லட்சம் டாலருக்கு மேல். அத்தளத்தின் பழுதைச் சீர்செய்யும் வேலை தொடங்குமுன், 2021 ஜூன் 24 பின்னிரவில், மக்கள் உறங்கிக்கொண்டிருந்தபோது கட்டடத்தின் பெரும்பகுதி சரிந்தது. 98 பேர் உயிரிழந்தனர். அத்தளத்தின் வடிவமைப்பே கட்டிய காலத்து விதிகள் கோரிய வலிமையைப் பெற்றிருக்கவில்லை என்றும் விசாரணையாளர் கண்டனர். ஆதியில் நேர்ந்த குறையும் பின்னர் நேர்ந்த பழுதும் ஒன்றுசேர்ந்தன.

பழுது எப்படி வளர்கிறது? நல்ல கான்கிரீட்டின் காரத்தன்மை உள்ளிருக்கும் கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. தேங்கிய நீரும், கடற்காற்றின் உப்பும் உள்ளே புகும்போது அக்காப்பு அழிகிறது. துரு, தான் உண்ட இரும்பைப் போல இரண்டு மடங்குக்கும் மேலான இடத்தை அடைத்துக்கொள்ளும். உள்ளிருந்து எழும் அந்த அழுத்தத்தால் கான்கிரீட் வெடிக்கிறது; வெடிப்பின் வழியே மேலும் நீர் புகுகிறது. ஆகவே பழுது ஆண்டுதோறும் ஒரே அளவில் வளராது. வளர வளர விரைவாகும். இன்று சிறு செலவில் முடிவது, தள்ளிப்போட்டால் தாங்க முடியாத செலவாகும். விபத்துக்குப் பின் 2022-இல் ஃபுளோரிடா அரசு, மூன்று மாடிக்குக் குறையாத இத்தகைய குடியிருப்புகளை 30 ஆண்டானதும், பின்னர் 10 ஆண்டுக்கு ஒருமுறையும் பொறியாளர் சோதிக்க வேண்டும் என்று சட்டம் செய்தது.

கடலோர நகரங்களில் வாழும் நமக்கு இது தொலைதூரச் செய்தியன்று. அடுக்குமாடியில் வீடு வாங்குவோர் தரையின் பளிங்கையும் சமையலறையின் அலமாரியையும் தட்டிப் பார்க்கிறார்கள். அவை உங்கள் தனி உடைமை. என்று வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். அதற்கு முன் மொட்டை மாடிக்கு ஏறி, மழைநீர் தேங்கிய தடம் உண்டா என்று பாருங்கள். தொட்டியின் அடியில் கசிவு உண்டா, கீழ்த்தளத் தூண்களில் நீளவாக்கில் வெடிப்போ துருக்கறையோ உண்டா என்று பாருங்கள். சங்கத்திடம் பழுதுநிதி எவ்வளவு இருக்கிறது என்று கேளுங்கள். ஏற்கெனவே குடியிருப்பவராயின், மாதப் பராமரிப்புத் தொகையை உயர்த்தும் தீர்மானம் வரும்போது, அது யாருடைய தூணுக்கு என்று ஒரு கணம் எண்ணிப் பாருங்கள்.

ஓட்டிஸின் லிப்ட்டில் கயிறு அறுந்தவுடன் வில் தானாகவே நிமிர்ந்து காத்தது. கட்டடத்துக்கு அப்படி ஒரு வில்லை இயற்பியல் இன்னும் செய்து தரவில்லை. அந்த வேலையை, ஒரே கூரையின் கீழ் வாழும் அண்டை வீட்டார் கூடிப் பேசித்தான் செய்ய வேண்டியிருக்கிறது.